சர்க்கரைத் தண்ணீர் தொட்ட விரல்

போன மாதம் ஒரு நாள் காலையில் போடியிலிருந்து அண்ணன் போன் செய்தான். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால்தான் அவன் காலை நேரத்தில் கூப்பிடுவான். அதனால் அவசரமாக எடுத்தேன். "தங்கச்சி, குஞ்சு பொரிச்சிருச்சு. வந்து தீனி போட்டுட்டுப் போயிரு" என்றான். என்ன குஞ்சு, எதற்குத் தீனி என்று நான் கேட்கவில்லை. அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு, மதுரையிலிருந்து போடிக்கு அடுத்த பஸ் எப்போது என்று என் மகனிடம் விசாரித்தேன். மாமாவுக்கு என்ன ஆச்சு என்று பதறினான். எறும்புக்குத் தீனி போட வேண்டுமாம் என்றேன். அவன் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். அறுபத்தைந்தைத் தாண்டிய ஒரு மனுஷன், நாலு எறும்புக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்க, மூட்டுவலிக்காரத் தங்கச்சியை இத்தனை தூரம் பஸ் ஏறி வரச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். எனக்கு வரவில்லை. ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, தேனியைத் தாண்டி மலை தெரிய ஆரம்பித்ததும், வழக்கம்போல எனக்கு அந்தக் குப்பியின் ஞாபகம் வந்தது.

கட்டைவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குப்பி. அப்பாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சத்து மாத்திரை அதில்தான் வந்தது. எழுபதுகளின் கடைசியில், கோடை மழை விழுந்த ஒரு வாரத்தில், அண்ணன் மலையிலிருந்து இறங்கி வரும்போது அப்படிப்பட்ட குப்பிகள் இரண்டைச் சட்டைப் பையில் பத்திரமாகக் கொண்டுவந்தான். அடியில் நனைத்த பஞ்சு. வாயில் அம்மாவின் பழைய சேலைக் கிழிசலை வைத்து நூலால் கட்டியிருந்தான். உள்ளே ஒவ்வொன்றிலும் ஒரு கட்டெறும்பு, சாதாரணக் கட்டெறும்பைப்போல இரண்டு பங்கு பெரிது, வயிறு மட்டும் தனியாகப் பளபளத்தது. "ராணித்தா" என்றான். ஏலச்செடி நடக் குழி எடுக்கும்போதெல்லாம் மண்ணுக்குள் கொட்டாங்கச்சி அளவில் ஒரு பொந்தும், அதில் ஒற்றையாய் ஒரு பெரிய எறும்பும், அதன் காலடியில் வெள்ளை வெள்ளையாய் முட்டையும் இருப்பதைப் பார்த்திருக்கிறானாம். மழைக்கு மறுநாள் விடியலில், இறக்கை உதிர்ந்து தரையில் இடம் தேடி அலைந்துகொண்டிருந்த இரண்டைப் பிடித்து அடைத்திருக்கிறான். சின்ன வயசில் தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்து, அது முட்டை போட்டது என்று தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தவன்தான். இருபது வயசாகியும் அந்தப் புத்தி போகவில்லை என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஒன்று எனக்கு, ஒன்று தனக்கு என்றான் அண்ணன். நான் பத்தாவது முடித்துவிட்டு, மேற்கொண்டு படிக்க அனுப்புவார்களா மாட்டார்களா என்று தெரியாமல் வீட்டில் இருந்த நேரம் அது. எனக்கும் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது ஒன்று தேவையாக இருந்தது.

எங்களுக்குச் சிலமலையில் கொஞ்சம் வயல் இருந்தது. அது போதாதென்று அப்பா, போடிமெட்டைத் தாண்டி ஒரு சரிவில் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தார். திங்கள்கிழமை விடியலில் ஜீப்பில் ஏறினால் அண்ணன் சனிக்கிழமைதான் இறங்குவான். தோட்டத்துக் கொட்டகையில் தங்கி, தானே பொங்கித் தின்று, அட்டைக்கடி வாங்கி, வேலையாட்களை மேய்க்க வேண்டும். அந்த வருஷம் ஏலக்காயில் சொறி விழுந்திருந்தது. பூவிலேயே ஏறிவிடும் ஒரு பேன், காய் பிடிக்கும்போது தோலைச் சுரண்டிச் சொறியாக்கிவிடும். சொறிக்காய்க்கு ஏலம் விடுகிற இடத்தில் மரியாதை கிடையாது. ஆகவே மருந்தடிப்பு, விட்டு விட்டு ஓயாமல் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் மருந்து கலக்கும் வேலையைக் கூலி ஆளிடம் விடமாட்டார்கள். விலை கூடின சரக்கு, சிந்திவிடுவான், இல்லையென்றால் பாதி டின் வேறு தோட்டத்துக்குப் போய்விடும் என்று ஒரு சந்தேகம். அதனால் தோட்டம் வைத்திருப்பவன் வீட்டு ஆண்பிள்ளை ஒருத்தன்தான் டிரம் பக்கத்தில் நிற்க வேண்டும். மருந்துப் பொடியைத் தண்ணீரில் கொட்டினால் கட்டி கட்டியாக அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். குச்சியால் கிண்டினால் கட்டி நழுவி ஓடும். கைக்குத்தான் அகப்படும். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, முழுக்கையையும் டிரம்முக்குள் விட்டு, அடியில் கிடக்கும் கட்டிகளைத் தேடிப் பிடித்து விரலால் நசுக்கிக் கரைக்க வேண்டும். அப்படிக் கட்டியில்லாமல் கலக்குகிறவனைத்தான் பொறுப்பான பிள்ளை என்று சொல்வார்கள். அண்ணன் ரொம்பப் பொறுப்பான பிள்ளை. பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, கருப்பட்டியில் ஒரு கடி கடித்துக்கொண்டால் எல்லாம் முறிந்துபோகும் என்பது மலையேறுகிறவர்கள் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. டின்னில் மண்டையோடு படம் போட்டிருந்தது, அதை எல்லோரும்தான் பார்த்தோம். பூச்சிக்குப் போட்ட படம் என்று நினைத்துக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில் அண்ணனுக்கு இன்னொரு பெயரும் இருந்தது, கைராசிக்காரன் என்று. அவன் ஊன்றிய முருங்கைக் குச்சி பட்டுப்போனதில்லை. ஆடிப் பட்டத்தில் எங்கள் வயலில் முதல் பிடி விதையை அவன்தான் விசிறுவான். ராசிங்காபுரத்து மாமா, தன் வீட்டிலேயே வாட்டசாட்டமாக இரண்டு பிள்ளைகள் இருக்கும்போது, "மருமகன் கையால ஒரு பிடி போடட்டும்" என்று வண்டி அனுப்பி அவனைக் கூட்டிப்போவார். அவன் வெளியில் கூச்சப்படுவானே ஒழிய, உள்ளுக்குள் அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை. படிப்பு வரவில்லை, பேச்சும் வராது, பார்க்கவும் ஒல்லி. தன்னிடம் இருந்த ஒரே ஆஸ்தியாக அந்தக் கையைத்தான் அவன் நினைத்திருந்தான் என்று பின்னால்தான் எனக்கு விளங்கியது.

ராணிகள் இரண்டும் தீனி எதுவும் கேட்கவில்லை. முட்டை போட்டு, அதை நக்கிக்கொண்டும் இடம் மாற்றிக்கொண்டும் ஒரு மாதத்துக்கு மேல் பட்டினியாகவே கிடந்தன. குப்பிகளை மச்சுப்படிக்குக் கீழே இருட்டில் வைத்திருந்தேன். முட்டை புழுவாகி, புழு கூடு கட்டி, ஒரு நாள் காலையில் என் குப்பியில் வெளிறிய நிறத்தில் பொடிசாக மூன்று நாலு எறும்புகள் தள்ளாடிக்கொண்டு நின்றன. மறுநாள் அண்ணனின் குப்பியிலும். இனிமேல் தீனி போட்டாக வேண்டும். எப்படிப் போடுவது என்று சொல்ல ஆளில்லை. முதலில் சோற்றுப் பருக்கை வைத்தேன், மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டாக விட்டேன், ஒரு எறும்பு அதிலேயே விழுந்து முழுகிப்போனது. அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஈர்க்குச்சி நுனியில் தொட்டு, குப்பியின் வாய்ப்பக்கம் ஒரு புள்ளி வைத்தேன். வந்தன. தலையைக் குனிந்து நிறுத்தி நிதானமாகக் குடித்துவிட்டு, உள்ளே ஓடி, ராணியின் வாயோடு வாய் வைத்துக் கொடுத்தன. அடித்த கொசு ஒன்றை அரைவாசியாகக் கிள்ளிப் போட்டால் அதை இழுத்துப்போய்ப் புழுக்களின் மேல் போர்த்திவிட்டன. இத்தனைக்கும் அவை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அந்தச் சனிக்கிழமை அண்ணன் வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முகம்கூடத் துடைக்காமல் குப்பிக்குத்தான் ஓடினான். என் எறும்புகளுக்கு நான் காலையிலேயே வைத்திருந்தேன். தன் குப்பியை எடுத்து, துணியை அவிழ்த்து, சர்க்கரைத் தண்ணீரைச் சுட்டுவிரலில் தொட்டு வாய்ப்பக்கம் தடவினான். ஈர்க்குச்சி தருகிறேன் என்றேன். "எதுக்குத்தா குச்சி, கைக்குத்தான் பக்குவம் தெரியும்" என்றான். எறும்புகள் வந்து குடித்தன. அவன் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அந்தக் குப்பியில் எல்லாம் மல்லாந்து கிடந்தன. ராணி மட்டும் கொஞ்சம் காலை அசைத்துக்கொண்டிருந்து, பிறகு அதுவும் அடங்கிப்போனது.

சர்க்கரை கூடிப்போயிருக்கும், புழுக்கமாயிருக்கும் என்று நான் எதையெதையோ சொன்னேன். அம்மாதான் அந்த வார்த்தையைச் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆற்றாமையில் சொன்னாள். "எம் பிள்ளை கைக்கு யாரு கண்ணு பட்டுச்சோ. தொட்டதெல்லாம் துலங்குற கையாச்சே அது." அண்ணன் தன் கையை விரித்து ஒரு தடவை பார்த்துக்கொண்டான். தோட்டத்தில் சொறி விழுந்தது, நாற்றங்காலில் நாற்று அழுகியது, எல்லாவற்றையும் அவன் மனசு அந்தக் குப்பியோடு கொண்டுபோய்ச் சேர்த்துக் கட்டிவிட்டது. ஆடி பிறந்தது. முதல் பிடி விதை விசிற அப்பா கூப்பிட்டபோது வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டான். மாமா வீட்டு வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. என் குப்பியின் பக்கமே அவன் வருவதில்லை. தூரத்தில் குத்தவைத்துக்கொண்டு, "நீயே போடுத்தா. என் கை ஆகாது" என்பான். நான் ஈர்க்குச்சியால் வைப்பதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பான்.

உடம்பும் அவனுக்கு அப்போதுதான் கெட ஆரம்பித்தது. இடது கண் இமை ஓயாமல் துடித்தது. பேசும்போது வாயோரம் எச்சில் வழிந்தது, அதை அவன் உணரவே இல்லை. பனியடிக்கும் மலையிலிருந்து இறங்கி வருகிறவனுக்குச் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. அந்தி சாய்ந்தால் எதிரே நிற்பது யார் என்று தெரியவில்லை என்றான். டாக்டர் பித்தம் என்று மாத்திரை கொடுத்தார். அம்மா திருநீறு போட்டுவிட்டாள். அப்பாவுக்கு மட்டும் கோபம் வந்தது. "மலைக்குப் போற நாளு வந்தாத்தான் இவனுக்கு நோவும் வருது" என்பார். அப்பா கல்நெஞ்சுக்காரர் இல்லை. சொறிக்காயும் குத்தகையும் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. பயத்தைக் கோபமாகக் காட்டத்தான் அவருக்குத் தெரியும். நானும் அப்பாவை உரித்து வைத்தவள்தான், அதனால் எனக்கு அது தெரியும்.

அண்ணன் சட்டை மாட்டுகிற ஆணி அடுக்களை நிலைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தச் சுவரை ஒட்டி எந்நேரமும் சிற்றெறும்பு சாரை போகும். சர்க்கரை டப்பாவைத் தேடிப் போகிற சாரை அது, அதை விரட்ட அம்மா மஞ்சள்தூளோடு போராடிக்கொண்டே இருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு கூட்டும்போது, ஆணிக்கு நேர் கீழே, சட்டைக்கு மேல் போட்டிருந்த அவன் துண்டின் நுனி தரையைத் தொடுகிற இடத்தில், மிளகைத் தூவியதுபோலச் செத்த எறும்பு கிடந்தது. இரண்டு மூன்று ஈயும் கிடந்தது. சாரை அந்த இடத்துக்கு முன்னாலேயே திரும்பி, வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. வாரியலைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டேன். துவைத்துத்தான் மாட்டியிருந்தது அந்தத் துண்டு. எனக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை, ஆத்திரம். கைராசி, கண்ணு, திருநீறு என்று இத்தனை நாள் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று ஆத்திரம்.

அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் உட்கார்ந்து, மருந்தடிக்கும் பம்பின் மூக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் அண்ணன் மலையேற வேண்டும், இன்னொரு சுற்று மருந்தடிக்க வேண்டும். நான் போய் எதிரில் நின்று, ஆணிக்குக் கீழே பார்த்ததைச் சொன்னேன். மருந்து அண்ணன் மேலேயே இருக்கிறது, அவனை அனுப்ப வேண்டாம் என்றேன். அவர் தலை நிமிரவில்லை. "கழுவிட்டுத்தானத்தா வர்றான். சோப்புக் கட்டி என்னமாத் தேயுது. மருந்தடிக்கிறவன் எல்லாம் செத்தா போயிட்டான்? நீ போயி உன் சோலியப் பாரு." கழுவினால் போய்விடும் என்றால் இப்போது உங்கள் கண் முன்னாலேயே கழுவட்டும், கழுவின கையால் எறும்புக்குத் தீனி போடட்டும், பார்ப்போம் என்றேன். அப்பாவிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் பம்பு மூக்கைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "வரச் சொல்லு அவனை" என்றார்.

அண்ணன் கிணற்றடியில் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் இரண்டு தடவை கழுவினான். அப்பா பக்கத்திலேயே நின்று பார்த்தார். நான் என் குப்பியை எடுத்துவந்து வெளிச்சத்தில் வைத்தேன். அதற்குள் அதில் ஒரு சின்னக் குடும்பமே ஆகியிருந்தது. புழுவும் கூடும் முட்டையுமாக அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது. குப்பியைக் கண்டதும் அண்ணனுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. புரிந்தது என்றால், அவன் அர்த்தத்தில் புரிந்தது. தன் கைராசியைச் சோதிக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "வேணாம்த்தா. இது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. இதையும் என் கைக்குக் குடுக்காத." அவனைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இருந்தது. ஆனால் நான் சொல்வதை அப்பா நம்பமாட்டார். எறும்பு சொன்னால்தான் நம்புவார். "போடுண்ணே" என்றேன். அவன் அப்பாவைப் பார்த்தான். "போடுறா" என்றார் அப்பா.

விரலைச் சர்க்கரைத் தண்ணீரில் தொட்டு, குப்பியின் வாயில் தடவினான். தண்ணீர் வாசம் கண்டு எறும்புகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வந்தன. நான் வளர்த்த எறும்புகள், தலையைக் குனிந்து அழகாகக் குடித்தன. குடித்துவிட்டு ராணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தன. மூன்று பேரும் குப்பியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அம்மா வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் நிலையில் சாய்ந்து நின்றாள். கொஞ்ச நேரம் எதுவும் ஆகவில்லை. அப்பா, "பாத்தியா" என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது ஒரு எறும்பு தன் மீசையை முன்காலால் துடைக்கத் தொடங்கியது. துடைத்துக்கொண்டே இருந்தது, நிறுத்தவில்லை. இன்னொன்று குடித்தவன் நடப்பதுபோல வட்டமடித்தது. பிறகு ஒவ்வொன்றாக மல்லாந்து விழுந்தன. கால்கள் ஆறும் வெடவெடவென்று துடித்தன. அந்தத் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா மெதுவாகத் தலையைத் திருப்பி அண்ணனின் இடது கண்ணைப் பார்த்தார். இமை துடித்துக்கொண்டிருந்தது. அப்பா அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். எறும்பைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

அண்ணன் எழுந்தான். என்னைப் பார்த்து, "இப்பத் திருப்தியாத்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டான். நான் ஓடிப்போய், அது மருந்துண்ணே, ராசி இல்லை என்று அழுதுகொண்டே சொன்னேன். "சரித்தா, சரி" என்றான். அந்தச் 'சரி' என் அழுகையை நிறுத்துவதற்காகச் சொன்னது. உள்ளே அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். "காலைல அவனை எழுப்பாத" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் விடியலில் ஜீப்பு தெருமுனையில் ஹாரன் அடித்தபோது, அண்ணனின் கம்பளியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பாவே ஏறிப் போனார்.

அண்ணனுக்கு இமைத் துடிப்பு நிற்க ஐப்பசி ஆயிற்று. அதற்கப்புறம் அவன் மலையேறவே இல்லை, சிலமலை வயலோடு இருந்துகொண்டான். குத்தகை முடிகிற வரைக்கும் அப்பாதான் தோட்டத்தைப் பார்த்தார். குச்சி வைத்துத்தான் மருந்தைக் கலக்குகிறேன் என்று கேட்கும்போதெல்லாம் சொன்னார். ஆனால் மருந்தில் கட்டி விழுந்தது, பம்பு அடைத்துக்கொண்டது என்று ஒரு நாளும் அவர் குறைப்பட்டுக்கொண்டதில்லை. அதனால் அவர் சொன்னதை நான் நம்பவில்லை. எண்பதுகளின் நடுவில் அவருக்குக் கை நடுக்கம் வந்தது, காபி தம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார். ஒரு நாள் சாப்பிட்டு எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். மருந்துதான் காரணமா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அவரோடு பம்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு கூலிக்கு அடித்தவர்கள் என்ன ஆனார்கள், அவர்கள் வீட்டில் ஆணிக்குக் கீழே யாராவது குனிந்து பார்த்தார்களா என்பதும் தெரியாது. எங்களிடம் இருந்தது இரண்டு குப்பி. அந்த இரண்டும் அண்ணனுக்கே சரியாகப் போய்விட்டது. அப்பாவைக் காப்பாற்ற மூன்றாவது குப்பி இல்லை. என் எறும்புகளைக் கொன்றதற்காக நான் வருந்தியிருக்கிறேன், ஆனால் தவறு செய்ததாக நினைத்ததே கிடையாது. இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

அண்ணன்தான் அதிலிருந்து மீளவில்லை. மருந்துதான் என்பது அவன் புத்திக்கு நன்றாகவே தெரியும், பேசினால் அவனே எடுத்துச் சொல்வான். ஆனால் அவன் கைக்குத் தெரியவில்லை. அந்தக் கை ஆகாமல் போனதால்தான் தனக்குப் பதிலாக அப்பா மலையேறினார் என்பது வேறு அதில் சேர்ந்துகொண்டது. கல்யாணம் ஆன பிறகும் வயலில் முதல் பிடி விதையை மைனிதான் விசிறினாள். மகள் பிறந்து சோறூட்டுகிற அன்று, தகப்பன் ஒரு வாய் ஊட்ட வேண்டும் என்று எல்லோரும் நிற்க, அவன் கரண்டியைத் தேடிக்கொண்டு அடுக்களைக்குள் போனான். மைனியின் அம்மா, "பெத்த பிள்ளைக்கு ஊட்டக் கை கூசுதாக்கும்" என்று கேட்டுவிட்டாள். நான்தான் மைனியைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் எதையும் கேட்டதில்லை. அந்தப் பெண் வளர்ந்து ஆளாகிற வரைக்கும் அப்பன் கையால் ஒரு வாய் வாங்கியதில்லை.

போன மாதம் நான் போய் இறங்கியபோது அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தான். மைனி தவறிப்போன பிறகு மகளும் மருமகனும் அவனோடுதான் இருக்கிறார்கள். "பஸ்சுல கூட்டமாத்தா?" என்று பையை வாங்கிக்கொண்டு, காபிகூடக் கேட்காமல் நேராக ஜன்னலுக்குக் கூட்டிப்போனான். அந்தப் பழைய குப்பிதான். இத்தனை வருஷம் ஜன்னல் விளிம்பில் வெறுமனே இருந்த குப்பி, இப்போது அதில் நனைந்த பஞ்சு, வாயில் துணி, உள்ளே ராணி. காலடியில் வெளிறிய நிறத்தில் பொடிசாக நாலைந்து. மழைக்கு அடுத்த நாள் முற்றத்தில் இறக்கையை உதிர்த்துவிட்டு அலைந்ததாம், பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லையாம். கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்து, பக்கத்தில் ஈர்க்குச்சி ஒன்றைச் சீவி வைத்திருந்தான். குச்சியை எடுத்து என்னிடம் நீட்டினான். எனக்கு அந்தப் பழைய மத்தியானம் முழுசாக ஞாபகத்துக்கு வந்துவிட்டது. குச்சியை வாங்கி, ஒடித்து, ஜன்னலுக்கு வெளியே போட்டேன்.

"ஏத்தா?" என்றான்.

"நீ போடுண்ணே."

அவன் என்னோடு வாதாடவில்லை. வெளியே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்து, துண்டால் துடைக்காமல் காற்றிலேயே கையை உலர்த்திக்கொண்டு நின்றான். பிறகு சுட்டுவிரலைக் கிண்ணத்தில் தொட்டு, குப்பியின் வாயில் ஒரு புள்ளி வைத்தான். எறும்புகள் வந்தன, குடித்தன, ராணியிடம் போயின. நாங்கள் இரண்டு பேரும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அவன் மகள் சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்து சுவருக்குப் போனது. ஒன்றுகூட விழவில்லை. கொசுத் துண்டு கேட்டு இரண்டு எறும்புகள் வாய்ப்பக்கமே வந்து நின்றுகொண்டிருந்தன. "அப்பா பாத்திருக்கணும்" என்றான் அண்ணன்.

அந்த நேரம் பார்த்து அவன் பேத்தி ஓடிவந்தாள், மூன்று வயசு, அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கிண்ணத்தில் இருப்பது இனிப்பு என்று அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. எறும்பைவிட அதில்தான் அவளுக்கு அக்கறை. "தாத்தா, எனக்கு" என்று வாயைத் திறந்து காட்டினாள். அண்ணன் பழக்கத்தில் கரண்டிக்காகச் சுற்றிலும் பார்த்தான். பக்கத்தில் எதுவும் இல்லை. என்னைப் பார்த்தான். விரலைக் கிண்ணத்தில் தொட்டு, அவள் நாக்கில் வைத்தான். அவள் சப்பிக்கொண்டு, இன்னும் வேண்டும் என்று அங்கேயே நின்றாள். அண்ணன் குப்பியை மறந்துவிட்டு, அவள் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.